கணிதமும் கடப்பாடும்

கற்ற கல்வியை எங்கு விற்பது என்பது கற்றவனின் சொந்த விடயம் என்று கூறி இவ்வினாவை ஒதுக்கிவிடுவோர் உளர். 1993ஆம் ஆண்டு ஒக்டோபரில், டெக்சாஸ் மாநிலத்தில் அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த மாபெரும் துகள்மோதி நிலையத்துக்கான நிதியை அமெரிக்கக் காங்கிரஸ் நிறுத்தியது. பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞர் பலர் எதிர்பார்த்த வேலை இன்றி நின்றனர். அவர்களுட் சிலர் நியூ யோர்க்கின் நிதிச் சந்தையை நாடினர். அப்பாதை முன்னரே திறந்திருந்தது. துகட் பௌதிகவியலாளரான இமானுவேல் டேர்மன் 1985இலேயே கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்திற் சேர்ந்திருந்தார். இதனைப் பேராசை என்று பழித்தல் எளிது. ஆயினும், ஆய்வுகூடத்தின் கதவு மூடப்பட்டபின் வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடியவனைப் பழிப்பதில் நியாயம் அதிகமில்லை. அறவியல் வினா, சென்ற இடத்தில் அவன் என்ன செய்தான் என்பதிலேயே தொடங்குகின்றது.

அளவறி நிதியியல் எனப்படும் இத்துறை வேண்டிநிற்கும் பயிற்சி சாமானியமானதன்று. நிகழ்தகவு, எழுமாற்று மாற்றங்களுக்கான நுண்கணிதம், புள்ளிவிபரவியல், கணினி நிரலாக்கம் ஆகியவற்றில் ஆழ்ந்த தேர்ச்சி வேண்டும். இதன் வித்து, 1900இல் லூயி பஷெலியே பரிஸ் நகரிற் சமர்ப்பித்த ஆய்வேட்டில் உள்ளது. 1973இல் பிளக், ஷோல்ஸ் ஆகிய இருவரும், ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னொரு நாளில் வாங்கும் உரிமையின் இன்றைய பெறுமதியைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டனர். அழகான சமன்பாடு. ஆனால் விலைத் தளம்பலின் அளவு மாறாதது, வாங்கலும் விற்றலும் இடையறாது நிகழக்கூடியன என்பன போன்ற எடுகோள்களின் மேலேயே அது நிற்கின்றது. அத்துறையை வளர்த்தமைக்காக ஷோல்சும் மேர்ட்டனும் 1997இற் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மறு ஆண்டே, ரஷ்யா கடன் செலுத்துவதை நிறுத்தியதைத் தொடர்ந்து, அவர்கள் பங்காளராயிருந்த முதலீட்டு நிதியம் சரிந்தது. 14 நிதி நிறுவனங்கள் ஏறத்தாழ 360 கோடி டொலர் இட்டு அதனைத் தாங்கிப் பிடித்தன.

அங்கு நட்டமடைந்தோர் பெரும்பாலும் செல்வந்தர். பத்தாண்டின் பின் நிகழ்ந்தது வேறு. அமெரிக்காவில் வீடு வாங்கக் கடன்பட்ட ஆயிரக்கணக்கானோரின் கடன்கள் ஒன்றுதிரட்டப்பட்டு, அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டு, முதலீட்டாளருக்கு விற்கப்பட்டன. ஒருவர் கடன் தவறினால் மற்றவரும் தவறும் வாய்ப்பு யாது என்பதிலேயே அவற்றின் மதிப்புத் தங்கியிருந்தது. டேவிட் லீ என்பவர் 2000இல் வெளியிட்ட சூத்திரம் அதனைச் சிக்கலின்றிக் கணிக்க வழிசெய்தது. வீட்டு விலைகள் நாடெங்கும் ஒருங்கே வீழா என்ற நம்பிக்கை அக்கணிப்புகளுள் மறைந்திருந்தது. 2006இன் பின் அவை ஒருங்கே வீழ்ந்தன. கிளீவ்லாந்து போன்ற நகரங்களிற் குடும்பங்கள் வெளியேற, வீடுகள் தெருத்தெருவாக வெறுமையாயின. தமது முறையைப் புரிந்தோர் மிகச் சிலரே என லீ 2005இலேயே எச்சரித்திருந்தார் என்பதையும் இங்கு கூறல் வேண்டும்.

கணித்தவன் கூலிக்கு உழைத்தவன், முடிவெடுத்தோர் மேலதிகாரிகளே என்பது வழமையான மறுப்பு. இது வலுவானது போலத் தோன்றினும் நிலைக்காது. மேலதிகாரி சமன்பாட்டை வாசிக்க இயலாதவர். அதன் ஈற்றில் வரும் எண்ணை மட்டுமே அவர் கண்டார். எந்த எடுகோளில் அவ்வெண் தொங்கியது என்பதைக் கணித்தவனே அறிவான். அறிந்தவன் ஒருவனே ஆகையில், அவனது மௌனம் பணிவு ஆகாது.

2009 ஜனவரியில் டேர்மனும் போல் வில்மொட்டும் இத்துறையினருக்கென ஓர் உறுதிமொழியை வரைந்தனர். மாதிரியின் எடுகோள்களையும் குறைகளையும் பயன்படுத்துவோருக்கு வெளிப்படையாகக் கூறுதல் அதன் சாரம். நோக்கம் உயர்ந்ததே. எனினும் வைத்தியனின் உறுதிமொழிக்குப் பின்னால் அவனைப் பதிவேட்டிலிருந்து நீக்க வல்ல சபை நிற்கின்றது. இதற்குப் பின்னால் அவ்வாறு எதுவுமில்லை. மேலும், நோயாளி வைத்தியனின் கண்முன் கிடக்கிறான். சூத்திரத்தால் வீடிழந்தவனைச் சூத்திரம் எழுதியவன் காண்பதேயில்லை. காணாதவனுக்குக் கடப்பாடு உண்டு என்பதை உணர, இரக்கம் மட்டும் போதாது. அதற்கும் பயிற்சி வேண்டும் போலும்.

அப்பயிற்சி வகுப்பறையிற் பெரிதும் கிட்டுவதில்லை. கணித வினாத்தாள் எதனை எடுத்தாலும் “எனக் கொள்க” என்ற சொற்றொடர் காணப்படும். கொள்ளாவிடின் என்னவாகும் என்று மாணவன் கேட்பதில்லை. கேட்டாற் புள்ளியும் இல்லை. வேலைக்கான நேர்முகத் தேர்விலும் நாணயம் சுண்டுதல், பகடை உருட்டுதல் பற்றிய புதிர்களே தொடுக்கப்படுகின்றன. இவ்வெடுகோள் பொய்த்தால் நட்டம் யாரைச் சேரும் என்ற வினா ஒன்று அத்தாளில் இடம்பெற்றால், நுண்கணிதம் தேர்ந்தவனும் சற்றுத் திகைப்பான். விடை எழுதுமுன் அவன் கிளீவ்லாந்தின் தெருவொன்றில் நடந்து பார்க்க வேண்டியிருக்கும்.