மீட்டெடுத்த மூலமும் வாசிப்பவர் உரிமையும்

ஒருவர் எழுதி மூடிவைத்ததைப் பிறரொருவர் திறந்து வாசித்தல் எந்நிலையில் தவறாகும் என்ற வினா பழையது. கணினித் துறையில் அதனைக் கூர்மைப்படுத்தியது ஜாவா மொழி எனலாம். 1995இல் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் வெளியிட்ட இம்மொழியில், மனிதர் எழுதும் மூலநிரல் கொம்பைலரினால் பைற்கோட் எனும் இடைநிலைக் குறியாக மாற்றப்படுகின்றது. வகுப்புக்கள், செயல்முறைகள் ஆகியவற்றின் பெயர்கள் அதில் அழியாது எஞ்சுவதால், மூலத்தை மீட்டெடுக்கும் டிகொம்பைலர் விரைவிலேயே தோன்றிற்று. 1996இல் ஹான்பீற்றர் வன் விலீற் 'மோக்கா' எனும் டிகொம்பைலரை வெளியிட்டபோது, தம் உழைப்பு களவாடப்படுமென நிரலாளர் அஞ்சினர். அவ்வாறு வாசிப்பதைத் தடுக்கும் 'கிரேமா' எனும் கருவியை ஆக்கியவரும் அவரே என்பது சுவையான முரண்.

அச்சம் நியாயமானதே. ஆயினும், பணங்கொடுத்துப் பெற்ற செய்நிரல் பழுதுபட்டு, அதனைத் திருத்துவார் இல்லாதபோதும் பெற்றவர் அதனை வாசித்தலாகாது என்பது எவ்வகை நீதி? ஐரோப்பிய சமூகத்தின் 1991ஆம் ஆண்டுப் பணிப்புரை, பிற செய்நிரல்களோடு இணைந்தியங்கச் செய்யும் தேவைக்கு இதனை வெளிப்படையாக அனுமதித்தது. பிழை திருத்தலும் அப்பணிப்புரையினுள் அடங்குமென 2021இல் ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய அரச அலுவலகமொன்று சம்பந்தப்பட்ட வழக்கிலே தீர்த்தது. வாசிப்பவரின் நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டமை பொருத்தமானது.

ஆனால், உரிமை கிடைத்தமையால் மூலம் கிடைத்துவிடுவதில்லை. ஆசிரியரின் குறிப்புரைகள் பைற்கோட்டில் இடம்பெறுவதேயில்லை. மொழியோ நில்லாது வளர்கின்றது. 2014இல் ஜாவா 8 லம்டா எனும் புதிய வடிவத்தைக் கொணர்ந்தது. அதன் வகுப்புக் கோப்பின் பதிப்பெண் 52. 2023இல் வந்த ஜாவா 21இன் பதிப்பெண் 65. பழைய டிகொம்பைலர் புதிய கோப்பை ஏற்க மறுக்கும். அன்றேல் - இதுவே கொடிது - பிழையான மூலத்தை மெய்போலத் தரும். சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர், அது தம் ஊகமென அடையாளமிடுவார். (அடையாளமிடாதவரும் உளர், அதனால் விளைந்த கேடு தமிழ் மாணவர் அறிந்ததே.) அந்நேர்மையை டிகொம்பைலரிடமும் எதிர்பார்த்தல் வேண்டும். இயலாத இடத்தை இயலாதென்றே குறித்துவிடும் கருவிகள் உள. ஐயமெழாதவாறு பொய்யுரைப்பனவற்றினும் அவை மேலானவை.

மொழியை ஆக்குவோர் பைற்கோட்டின் விதிகளை ஒவ்வொரு பதிப்பிலும் வெளியிடுகின்றனர். அதற்குமேல் அவர்களிடம் கேட்பதற்கில்லை. எஞ்சிய உழைப்பிற் பெரும்பகுதி, ஊதியம் பெறாது ஓய்வு நேரத்திற் கருவிகளைப் பேணுவோர் தோளிலே விழுகின்றது. ஆறு மாதத்துக்கொரு முறை வரும் புதிய பதிப்பை அவர்கள் கற்றுத் தம் கருவியைத் திருத்தாவிடின், நீதிமன்றம் வழங்கிய உரிமை வாசிக்கவியலாத கோப்பொன்றின் முன் நின்றுவிடும்.