சுவரின் நிறமும் மனத்தின் நிறமும்

இல்லறத்தானுக்கு இல்லம் வேண்டும். துறவிக்கு மலைக்குகையும் மரநிழலும் போதும். முதியோரையும் மக்களையும் பேணி வாழ்பவனுக்குச் சுவரும் கூரையும் கதவும் இன்றியமையாதன. ஆதலின் வீடு கட்டுவதையோ, கட்டிய வீட்டைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவதையோ நம் ஆன்றோர் குற்றமென்று கூறினாரல்லர். எவ்வளவு, எதன்பொருட்டு, எவ்வுயிர்க்கு இடர் செய்து என்பனவே அவர்கள் கேட்ட கேள்விகள்.

அண்மைக் காலத்தில் வீட்டு உள்ளலங்காரத்தின் போக்கு மாறியுள்ளது. முன்னர் கூடத்திற்குப் பச்சை, படுக்கையறைக்கு ரோஜா, அடுக்களைக்கு நீலம் என்று அறைதோறும் பளிச்சென்ற வண்ணம் பூசினர். இன்று சந்தனம், மணல், தந்தம், சாம்பல், பழுப்பேறிய வெள்ளை ஆகிய அடங்கிய நிறங்களையே பலரும் நாடுகின்றனர். கதவில் கொடியும் பூவும் செதுக்கிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு போதும் என்கின்றனர். கைப்பிடியும் விளக்கும் கண்ணை உறுத்தாமல் சுவரோடு சுவராய் அமைய வேண்டும் என விரும்புகின்றனர். இதனைக் கண்டு, "மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நம் நெறிக்கு இதுவன்றோ பொருந்தும்!" என்று நம் குடும்பங்களிற் சிலர் மகிழ்வதும் உண்டு.

அம்மகிழ்ச்சி பொருத்தமானதுதானா? வெளிர்நிறம் எளிமை ஆகுமா? அடக்கமான வேலைப்பாடு மன அடக்கத்தின் அடையாளமா? சற்றே ஆராய்வோம்.

வண்ணம் பகையன்று

வண்ணம் என்பது புற்கலத்தின் பண்பு. தொடுவுணர்ச்சி, சுவை, மணம் ஆகியவற்றோடு நிறமும் பருப்பொருளுக்கே உரியது, உயிருக்கு நிறமில்லை. எனவே ஒரு நிறம் தன்னளவில் புண்ணியமும் அன்று, பாவமும் அன்று.

புதுக்கோட்டை மாவட்டச் சித்தன்னவாசற் குன்று இதற்கு ஒரு நல்ல சான்று. அங்கு ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில் சமண முனிவர்களுக்காக வெட்டப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் தொன்மையானதில் தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. அப்படுக்கைகளில் வண்ணம் இல்லை. செதுக்கு வேலை இல்லை. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கல்லும், தலைப்பக்கம் சிறிது உயர்ந்த மேடுமே உள்ளன. அதே குன்றிலுள்ள அறிவர் கோயிலிலோ, ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த தாமரைத் தடாக ஓவியம் விதானத்தை நிறைக்கின்றது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் மலர் கொய்வோரும் ஆங்கே வண்ணத்தில் விளங்குகின்றனர். சமவசரணத்தின் ஒரு பகுதியையே அது காட்டுகின்றது என்பர் அறிஞர்.

ஒரே குன்றில் நிறமற்ற படுக்கையும் நிறம் நிறைந்த விதானமும் இருப்பது முரண்பாடு அன்று. தனக்கெனக் கொள்ளுமிடத்து உடல் கிடத்தும் அளவே கொண்டனர். பலரும் கண்டு அறம் உணரவேண்டிய பொதுவிடத்தில் வண்ணத்தைத் தாராளமாக வழங்கினர். ஆகவே நம் மரபு அஞ்சியது நிறத்தை அன்று. "என்னுடையது" என்னும் எண்ணத்தையே என்க.

எளிமையின் விலை

அலங்காரத்தைக் குற்றமாகவே கருதியோர் மேலைநாட்டிலும் இருந்தனர். அடோல்ஃப் லோஸ் என்னும் கட்டடக் கலைஞர் அலங்காரத்தையும் குற்றத்தையும் இணைத்து 1910-இல் வியன்னா நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். அலங்காரத்தால் உழைப்பும் பொருளும் வீணாகின்றன. அலங்கரித்த பொருள் விரைவில் பழம்பாணியாகிக் கழிக்கப்படுகின்றது என்பது அவர் வாதம். சிந்திக்கத்தக்க வாதமே. ஆனால் அவரே பிராக் நகரில் முல்லர் என்பார்க்கு அமைத்து 1930-இல் நிறைவேறிய மாளிகையின் கூடத்தில், செதுக்கு வேலையின் இடத்தைப் பச்சைவரி ஓடிய விலையுயர்ந்த சலவைக்கல் பிடித்துக்கொண்டது. பூவும் கொடியும் மறைந்தன, செலவு மறையவில்லை.

இதனினும் நுட்பமானது தத்துவ அறிஞர் லுட்விக் விட்கன்ஸ்டைனின் செய்தி. பெருஞ்செல்வர் குடியிற் பிறந்த அவர், முதல் உலகப்போரிலிருந்து மீண்டபின், 1919-இல் தம் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தார்க்கு அளித்துவிட்டார். பின்னர் 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தம் தமக்கைக்கு ஒரு வீடு அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அவ்வீட்டில் கம்பளம் இல்லை, திரைச்சீலை இல்லை, விளக்குகளுக்கு மூடி கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கதவுக் கைப்பிடியும், அறைகளைச் சூடாக்கும் ஒவ்வொரு கருவியும் அவர் வகுத்த அளவில் துளியும் பிசகாமல் வார்க்கப்பட வேண்டியிருந்தது. வீடு ஏறத்தாழ முடிந்த வேளையில், ஒரு பெரிய அறையின் மேற்றளம் 3 சென்டிமீட்டர் உயரவேண்டும் என்று கூறி அதனை மாற்றியமைக்கச் செய்தார்.

அவ்வறிஞரின் நேர்மையைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. குடும்பச் சொத்தை ஒரு நாளில் துறக்க இயன்ற ஒருவரால் மூன்று சென்டிமீட்டரைத் துறக்க இயலவில்லை என்பதே நாம் காணத்தக்கது. பொருள் நீங்கிய பின்னும் பற்று ஒரு கைப்பிடியில் வந்து தங்கலாம். அலங்காரமற்ற சுவரிலும் அது தங்கும். அங்கே தங்குவது எளிது. ஏனெனில் அதனை எவரும் பற்று என்று ஐயுறமாட்டார்.

பரிக்கிரகம் என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம் இதனையே தெளிவாக்குகின்றது. பொருளின் எண்ணிக்கையை அந்நூல் பரிக்கிரகம் என்று கூறவில்லை. பொருளின்மேல் மனம் மயங்கிக் கிடக்கும் மூர்ச்சையையே அவ்வாறு கூறுகின்றது. இல்லறத்தான் தனக்கென வரைந்துகொண்ட அளவைக் கடக்கும் குற்றங்களை எண்ணுமிடத்தும், நிலத்தோடு வீட்டையே முதலில் வைத்து எண்ணுகின்றது. மனம் எளிதில் மயங்குமிடம் வீடு என்பதை ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

எனவே, "என் வீட்டுச் சுவர் வெளிர்நிறம், ஆதலின் நான் எளியவன்" என்பது பொருந்தாது. வெளிர்நிறச் சுவரில் பேரக்குழந்தையின் கைத்தடம் பட்டால் உள்ளம் கொதிக்கின்றதா? எண்ணெய் தேய்த்த தலையோடு பாட்டனார் சுவரில் சாய்ந்தால் முகம் சுளிக்கின்றதா? வந்தவர் பாராட்டாமற் போனால் வருத்தம் உண்டாகின்றதா? அங்கெல்லாம் மூர்ச்சை குடிகொண்டிருக்கின்றது. நிறம் அடங்கியிருக்கலாம், மனம் அடங்கவில்லை.

உயிர்களை எண்ணித் தேர்தல்

அங்ஙனமாயின் எந்த நிறம் பூசினால் என்ன, எந்த வேலைப்பாடு செய்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. நிறம் அறமாகாவிடினும், தேர்வினால் விளையும் பயன்கள் அறத்தின்பாற் படுவன.

முதலாவது, வெளிச்சம். வெளிர்நிறச் சுவர் தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றது. கருநிறச் சுவர் விழுங்கிவிடுகின்றது. ஆகவே வெளிர்நிற அறையில் பகலொளி நெடுநேரம் உதவும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கமுடைய குடும்பங்களுக்கு இது சிறு உதவியன்று. இரவில் விளக்குகள் குறைந்தால், அவற்றை நாடி வந்து மாயும் பூச்சிகளும் குறையும்.

இரண்டாவது, சிற்றுயிர்கள் கண்ணுக்குத் தெரிதல். வெளிர்நிறத் தரையில் எறும்பின் வரிசை தெரியும். கரும்புள்ளிகள் நிறைந்த தரையில் தெரியாது. பார்த்து நடக்க வேண்டுமாயின், பார்த்தால் தெரியும் தரை வேண்டுமன்றோ! ஆழ்ந்த செதுக்கு வேலைகளும், தூசு தங்கும் மேற்கட்டுப் பட்டிகளும், பொய்க்கூரையின் மறைவிடங்களும் சிலந்திக்கும் அந்துக்கும் கரப்புக்கும் இருப்பிடமாகும். பின்னர் அவற்றை அகற்ற மருந்து தெளிக்க நேரும். மூலைகள் தெளிவாகவும் சந்துகள் அடைபட்டும் இருக்குமாறு தொடக்கத்திலேயே அமைத்துவிட்டால் அவ்வுயிர்கள் அங்குக் குடியேறா. நாமும் கொல்ல வேண்டியதில்லை. அடக்கமான வேலைப்பாட்டிற்கு நம் நெறியில் இடமளிக்கும் வலிய காரணம் இதுவே. அழகு இதன்பின் வருவது.

மூன்றாவது, பூசும் பொருளின் பிறப்பு. மரக்கதவுக்கு மெருகேற்றும் ஸ்பிரிட் பாலிஷில் கலப்பது அரக்கு. அது சிறு பூச்சிகள் சுரப்பது. கிளையினின்று அதனைச் சுரண்டி எடுக்கையில் எண்ணிறந்த பூச்சிகள் மடிகின்றன. இல்லறத்தார் விலக்கவேண்டிய 15 தொழில்களுள் அரக்கு வாணிகத்தையும் சமண நூல்கள் சேர்த்தமை நினைவுகூரத்தக்கது. பழைய தச்சுப் பசையாகிய வச்சிரம் விலங்கின் தோலிலிருந்து வருவது. சில வகைத் தூரிகைகள் பன்றி மயிரால் ஆனவை. பழைய காரைகளுள் சிலவற்றில் முட்டையின் வெண்கருவும் சேர்ந்தது. இவற்றிற்கு மாற்றாகச் செயற்கை மெருகுப் பூச்சும், செயற்கைப் பசையும், நைலான் தூரிகையும், சுண்ணாம்புப் பூச்சும் இன்று எளிதிற் கிடைக்கின்றன. கேட்டு வாங்குதல் நம் கடன். கேளாவிடின் கடைக்காரர் தாமாகக் கூறுவதில்லை.

நான்காவது, மனிதர் நலம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் ஈயம் கலந்த நிறமிகள் நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே புதிய வண்ணத்தை வாங்குவதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது எழும் தூசும் தீங்கானது. ஈரப்படுத்திச் சுரண்டுவதும், குழந்தைகளை அப்பால் அனுப்புவதும், அத்தூசைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் அகிம்சையின் பகுதியே.

இங்குப் பணியாளரையும் எண்ணுதல் வேண்டும். பளிங்குபோல் வழவழப்பான சுவர் தானாக உண்டாவதில்லை. பட்டி பூசித் தேய்த்து, மீண்டும் பூசித் தேய்த்து, அப்புழுதியை நாளெல்லாம் சுவாசிக்கும் ஒருவருடைய உழைப்பு அது. நம் கண்ணுக்குப் புலப்படாத சிறு மேடுபள்ளத்திற்காக மூன்றாம் முறையும் தேய்க்கச் சொல்லுமுன், அவர் மூக்கை மறைக்க ஒரு கவசம் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது தகும்.

நாவல் மரமும் நம் வீடும்

மனத்தின் நிலைகளை ஆறு நிறங்களாகக் கூறும் இலேசியைக் கோட்பாட்டை அன்பர்கள் அறிவர். கருமை, நீலம், புறாநிறம் என்னும் மூன்று தாழ்ந்தவை. மஞ்சள், தாமரை, வெண்மை என்னும் மூன்று உயர்ந்தவை. புறாநிறம் ஏறத்தாழ இக்காலத்தார் விரும்பும் சாம்பல் நிறமே. இதனால் சாம்பல் நிறச் சுவர் தீது என்று எவரும் அஞ்சவேண்டா. இலேசியை உள்ளத்தின் சாயலே அன்றிச் சுவரின் சாயம் அன்று.

அதனை விளக்கும் நாவல் மரக் கதையும் யாவரும் அறிந்ததே. பசித்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். ஒருவன் அடிமரத்தை, ஒருவன் கிளையை, ஒருவன் கொத்தை வெட்ட எண்ணினான். ஒருவன் கனியை மட்டும் பறிக்க எண்ணினான். ஆறாமவன் தரையில் உதிர்ந்த கனியே போதும் என்றான். கனி ஒன்றே; அதனைப் பெற நினைத்த வழிகளே ஆறு.

வீட்டைப் புதுப்பிக்க எண்ணும்போதும் இவ்வறுவரும் நம்முள் பேசுகின்றனர். ஒருவன் முழுவதும் இடித்துக் கட்டு என்பான்; ஒருவன் சுவர்களை மாற்று என்பான்; ஒருவன் தரையையும் கதவையும் பெயர்த்தெறி என்பான்; ஒருவன் எல்லா அறைகளுக்கும் புதுவண்ணம் பூசு என்பான்; ஒருவன் பழுதானதை மட்டும் செம்மை செய் என்பான்; ஆறாமவன் துடைத்துத் தூய்மை செய்தால் போதும் என்பான். எப்போதும் ஆறாமவன் சொல்லே நடவாது. ஒழுகும் கூரையைத் துடைத்துப் பயனில்லை. எனினும் அவன் சொல்லை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மேலே ஏறுவது நன்று. பெரும்பாலும் நாம் முதலாமவனிடமிருந்தே தொடங்குகின்றோம்.

சிற்றூர்களிலுள்ள பழைய வீடுகளில் இதனைக் காண்கின்றோம். தேக்கு நிலைக்கதவும் விளக்கு மாடமும் கொண்ட வீட்டில், "கோடு மட்டும் உள்ள கதவே எளிமை" என்று கூறி, மூன்று தலைமுறை உழைத்த கதவை விற்றுவிட்டு இயந்திரக் கதவை வாங்குகின்றனர். இது எளிமை அன்று. புதிதாக ஒன்றை ஈட்டும் ஆசை எளிமையின் ஆடையை உடுத்தி வந்ததேயாகும். முன்பே உள்ள செதுக்குக் கதவைப் பேணுதல், புதிதாக ஓர் எளிய கதவை வாங்குதலைவிட மிகுபொருள் விரும்பாமைக்கு அணித்து. அவ்வாறே, தன் அறை பச்சையாகவே இருக்கட்டும் என்று கூறும் மூதாட்டியின் விருப்பத்தை, வீடு முழுவதும் ஒரே நிறமாக விளங்கவேண்டும் என்பதற்காக மறுத்தல் தகாது. வண்ணப் பொருத்தத்தைவிட மனப்பொருத்தம் பெரிது.

அளவு முன், வண்ணம் பின்

சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், ஒருமுறை துய்த்துக் கழிவதைப் போகம் என்றும், மீண்டும் மீண்டும் துய்ப்பதை உபபோகம் என்றும் பிரித்து, இரண்டிற்கும் அளவு வரைந்துகொள்ளச் சொல்கின்றார். நாள்தோறும் காணும் சுவர் உபபோகத்தின்பாற் படும். ஆகவே நிற அட்டையைக் கையில் எடுக்குமுன் அளவைக் குறித்துக்கொள்ளுதல் நன்று: இவ்வளவு செலவு, இத்தனை அறை, இத்தனை ஆண்டுக்கு மறுபூச்சு இல்லை என்று குடும்பத்தார் கூடி உறுதி கொள்ளலாம். அதன்பின் எந்த நிறம் என்பது எளிய கேள்வியாகிவிடும். அளவின்றித் தொடங்கினால், சந்தன நிறத்திலேயே நாற்பது சாயல்கள் நம்மை நாற்பது நாள் அலைக்கழிக்கும்.

மீதமாகும் பொருளுக்கும் வழியுண்டு. ஊரிலுள்ள ஜினாலயத்தின் மதிலுக்கோ, பள்ளிக்கூடத்தின் வகுப்பறைக்கோ ஒருமுறை வெள்ளையடிக்க அது உதவலாம். சித்தன்னவாசலில் படுக்கை வெறுங்கல்லாகவும் விதானம் வண்ணமாகவும் விளங்கும் உண்மையை நாமும் அவ்வாறு சிறிதளவேனும் கடைப்பிடிக்கலாம்.

வெளிர்நிறம் பூசுவோர் பூசுக; விரும்பும் வண்ணம் பூசுவோரும் பூசுக. பூசியபின் அச்சுவரை மறந்து, அதனுள் வாழும் உயிர்களை நினைக்க இயலுமாயின், அவ்வீட்டின் நிறம் எதுவாயினும் அங்கு வாழும் மனம் வெண்மையை நோக்கி நடக்கின்றது என்று கொள்ளலாம்.

வளர்க அறம்!