வந்து போகும் பழுது

என்னிடம் ஒரு பழைய அம்பாஸடர் கார் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டோடு அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று. அதை நான் வைத்திருப்பதாகச் சொல்வது தவறு, அதுதான் என்னை வைத்திருக்கிறது என்பது என் மனைவியின் கட்சி.

சென்ற வருஷம் அதற்கு ஒரு விசித்திரமான நோய் கண்டது. செல்பைத் திருகினால் சில வேளைகளில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். விளக்குகள் பளிச்சென்று எரியும். எஞ்சின் மட்டும் சுழலாது. ஐந்து நிமிஷம் கழித்துத் திருகினால், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ கேட்கவே வேண்டாம். பத்துத் தடவை திருகினால் பத்துத் தடவையும் கிளம்பும். மெக்கானிக் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். 'கோளாறு வண்டிக்கு அல்ல, உமக்குத்தான்' என்ற தீர்ப்பு அந்தப் பார்வையில் இருக்கும்.

ஒரு பட்டறையில் டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லா இடத்துக்கும் கரண்ட் வருகிறது என்றார்கள். என் மனத் திருப்திக்காகப் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் செல்ப் மோட்டாரை மாற்றினார்கள். இரண்டு நிரபராதிகள் தண்டனை அடைந்தார்கள். குற்றவாளி நாலு நாள் தலைமறைவாக இருந்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்தான்.

ஒரு காருக்குக் கோயம்புத்தூரில் வைத்தியம் கிடைக்கவில்லை என்றால் அது ஊருக்கே அவமானம் அல்லவா? 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் ஊர் இது. இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தே யந்திர வித்தை பழகியவர் அவர். ஆனால், வந்து வந்து போகும் மின்சாரப் பழுதுக்குக் கழற்றிப் பார்ப்பதும் எப்போதும் உதவுவதில்லை. கழற்றி மாட்டும்போதே பச்சை பூத்த முனை சற்றுத் தேய்ந்து சுத்தமாகிவிடும். பழுது தீர்ந்ததுபோல் தோன்றும். காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கடைசியில் நண்பர் ஒருவர் உக்கடம் பக்கத்தில் இருக்கும் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் என்னை அழைத்துப் போனார். பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க, இது எப்பெப்ப வருதுங்க?" என்றார்.

"சொல்ல முடியலீங்க. திடீர் திடீர்னு வருது."

"திடீர்னு எதுவும் வராதுங்க. நமக்குத்தான் அது திடீர். ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. எங்க போனீங்க, மழையா வெயிலா, எஞ்சின் சூடா இருந்துதா ஆறி இருந்துதா, எல்லாத்தையும் எழுதுங்க."

பதினைந்து நாள் எழுதினேன். நோட்டைப் புரட்டிய பெரியவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார். கிணத்துக்கடவுக்கு அருகே இருக்கும் மைத்துனர் தோட்டத்துக்கு இட்டேரி வழியாகப் போய் வந்த நாட்களில் எல்லாம் பழுது வந்திருந்தது. தார் ரோட்டில் மட்டும் ஓடிய நாட்களில் ஒரு தடவைகூட வரவில்லை. மேடு பள்ளத்தில் எஞ்சின் குலுங்குவதற்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பானெட் திறந்தது. பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகும் கரண்ட், காரின் இரும்பு உடம்பு வழியாகவே திரும்பி வர வேண்டும். எஞ்சினோ ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் பாயாது. ஆகவே எஞ்சினையும் உடம்பையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை உண்டு. மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும், மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்துச் செல்பைத் திருகச் சொன்னார். முள் அசையவில்லை. ஒரு மரக்கட்டையால் எஞ்சினைச் சற்று நெம்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகச் சொன்னார். 'டக்' என்றது, முள் துள்ளியது. சோக் கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. "திரும்பற பாதை அடைபட்டா, கிடைச்ச சந்துல பூந்து போகப் பாக்குதுங்க" என்றார்.

பட்டையில் பெரும்பாலான இழைகள் அறுந்து, மிஞ்சிய சில ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. டெஸ்ட் விளக்குக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டியதில்லை; அதற்கு நாலு இழை போதும். செல்ப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாரம் ஏறாதவரை எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான்.

கூலியை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "இட்டேரில பத்து நடை போயிட்டு வாங்க. நின்னது வேற, தீர்ந்தது வேறங்க" என்றார்.

அவர் என்னை நம்பினார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. ஆனால் நான் சொன்னதை எல்லாம் அவர் நம்பவில்லை. "பேட்டரிதான் காரணம்" என்று நான் முதலில் சொன்னபோது புன்னகை செய்தார். நடந்தது என்று ஒருவன் சொல்வது வேறு. இதனால் நடந்தது என்று அவன் சொல்வது வேறு. முன்னதை நம்பி, பின்னதைச் சோதித்தார் அவர். நாமோ பெரும்பாலும் காரணம் தப்பாக இருந்தால், நடந்ததையே இல்லை என்று தள்ளிவிடுகிறோம். நம் கண்ணில் படவில்லை என்பது நம்மைப் பற்றிய செய்தி. அதை எதிராளியின் மேல் தீர்ப்பாக எழுத நமக்கு என்ன உரிமை?

இதை எழுதும்போது என் அம்மாவின் நினைவு வருகிறது. நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று அவள் சொல்லி வந்தாள். வைத்தியரிடம் போவதற்குள் நின்றுவிடும். ஈ.சி.ஜி. எடுத்தால் ஒரு குறையும் இராது. "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா" என்று அன்பாகத்தான் சொன்னோம். சில மாதங்களில் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். குணமாகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

இத்தகைய நோய்க்காகவே உலகம் ஒரு கருவியைக் கண்டுபிடித்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்ட்டர் 1961-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவருடைய முதல் கருவி முதுகில் சுமக்க வேண்டிய ஏறக்குறைய 38 கிலோ மூட்டை. இன்று கைக்குள் அடங்கும் பெட்டி. நோயாளியின் உடம்பில் அதைக் கட்டிவிட்டால் 24 மணி நேரமும் இருதயத்தின் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். நோய் வரும் வேளைக்காகக் கருவி காத்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து வேறொரு வைத்தியர் அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கட்டினார். நள்ளிரவில் இருதயம் தாறுமாறாக ஓடியது காகிதத்தில் பதிவாகியிருந்தது.

அதைப் பார்த்துவிட்டு அம்மா, "இப்பவாச்சும் நம்பறயா, கண்ணு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

மருந்து கொடுத்தார்கள், நன்றாக இருந்தாள். ஆனால் அந்த இரண்டு வருஷம் அவள் தனியாக அல்லவா பயந்துகொண்டிருந்தாள்? எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று நான் ஒரு நாளும் அவளைக் கேட்கவில்லை. பழைய கார் ஒன்றுக்காகப் பதினைந்து நாள் நோட்டு எழுதிய எனக்கு, அம்மாவுக்காக ஒரு பக்கம் எழுதத் தோன்றவில்லை.