நட்சத்திரம் விட்டுச்சென்ற வண்டி

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1980 நவம்பரில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் சேர்த்துவைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிள்களும் பிற உடைமைகளும் லாஸ் வேகஸில் ஏலம் போயின. அவர் பெயரில் பதிவான வண்டிக்கு, அதே ஆண்டு அதே தொழிற்சாலையில் செய்த இன்னொரு வண்டியைவிடப் பல மடங்கு விலை கிடைக்கிறது. இரும்பில் வேறுபாடு இல்லை. அந்தக் கூடுதல் விலையை உண்டாக்கியவர்கள் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த மக்கள். அப்படியானால் அந்தப் பொருளில் அவர்களுக்கும் ஏதேனும் பாத்தியதை உண்டா?

சட்டப்படி இல்லை. மனைவியும் பிள்ளைகளும் உள்ள, முஸ்லிம் அல்லாத ஒருவர் சிங்கப்பூரில் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. ரசிகருக்கு அதில் இடமில்லை, இருக்கவும் கூடாது. பூட்டிவைத்த வண்டி துருப்பிடித்துப் போகும். உதிரிபாகம் தேடிப் பொருத்தி ஓட வைக்கத் தெரிந்தவர் கைக்கு அது போவதில் துரோகம் எதுவும் இல்லை.

ஆனாலும் "அப்பா பெயரைக் காசாக்குகிறார்கள்" என்ற ஏச்சு வாரிசுகள்மேல் விழத்தான் செய்கிறது. ஏசுகிறவர்கள் மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியை நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையோடு போனால் பாலஸ்டியர் சாலை பிரியும். அங்கே ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனத்தின் படப்பிடிப்புத்தளம் 1967 வரை இயங்கியது. ரம்லி நடிகராகவும் இயக்குநராகவும் உருவான இடம் அது. மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' (1950) படத்தில்தான் அவர் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். தமிழருக்கும் அவர் அந்நியர் அல்லர். 1964-இல் கோலாலம்பூருக்குப் போனார். அங்கே படங்கள் எடுபடவில்லை. 1973 மே மாதம், 44 வயதில், பணமுடையிலேயே இறந்தார். அவர் குடியிருந்த வீடு 1986-இல் நினைவகம் ஆனது. அந்த அக்கறை அவர் உயிரோடு இருந்தபோது வந்திருக்க வேண்டும். கலைஞன் கஷ்டப்பட்டபோது கை கொடுக்காத ஊர், அவன் பிள்ளைகள் ஒரு வண்டியை விற்கும்போது மட்டும் உரிமை கொண்டாடுவது நியாயமே இல்லை.

எல்லாவற்றையும் விற்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நடிகை மர்லின் மன்றோ தம் உடைமைகளை நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க்குக்கு எழுதிவைத்தார். நண்பர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் உயிலில் சொல்லியிருந்தார். பெரும்பாலானவை பகிரப்படவில்லை. ஸ்ட்ராஸ்பெர்க்குக்குப் பின் அவை அவருடைய மனைவிக்குப் போயின. 1999-இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 1.3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. முடிவு உங்கள் கையில் என்றும் உயிலில் இருந்ததால் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அறம் நின்றிருக்க வேண்டும். இறந்தவர் வாய்விட்டுச் சொன்ன ஆசையை விலைக்குக் கொடுக்கும் உரிமை வாரிசுக்குக் கிடையாது.

2010-இல் மன்றோவின் நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் மூன்று 45,000 டாலருக்கு விற்கப்பட்டன. மருத்துவமனையில் எடுத்தவை. வண்டியை ஒரு நட்சத்திரம் உலகம் பார்க்க ஓட்டியிருக்கலாம், உடையை மேடையில் உடுத்தியிருக்கலாம். நெஞ்சுக்கூட்டை யாருக்கும் காட்டவில்லை. நோய்க்குறிப்பு, கடிதம், நாட்குறிப்பு ஆகியவற்றை ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோவது, வாங்க ஆள் இருந்தாலும், தவறு.

மற்றவற்றுக்கு ஒரு நடைமுறை போதும். விற்பதற்கு முன் பொது நிறுவனத்திடம் முதலில் கேட்பது. சிங்கப்பூரில் கேம்பல் லேனின் இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் இருக்கிறது. மேடை நாடகக்காரரின் குடும்பமோ வானொலிக் கலைஞரின் குடும்பமோ வீடு மாறும்போது அங்கே ஒரு வார்த்தை சொல்லலாம். இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. நிலையத்தால் முடியாவிட்டால் ரசிகர்கள் பணம் திரட்டி வாங்கி அதனிடம் ஒப்படைக்கட்டும். அதற்கு மூன்று நான்கு மாதம் காத்திருப்பது குடும்பத்தின் கடமை. அதற்குள் யாரும் முன்வரவில்லையென்றால், வண்டி ஏலத்துக்குப் போகட்டும்.