மிச்சத் துணிக்கு எத்தனை மார்க்?

ஃபேஷன் டிசைன் படிப்பவர்களுக்குக் கடைசி வருஷம் ஒரு கண்டம் உண்டு. சொந்தமாக ஒரு 'கலெக்‌ஷன்' தைத்துக் காட்ட வேண்டும். துணிச் செலவு பெரும்பாலும் அப்பா தலையில். முடியாதவர்கள் திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள். எக்ஸ்போர்ட்டுக்குப் போக மிஞ்சிய பனியன் துணி அங்கே கிலோ கணக்கில் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 180 கிராம் உள்ள துணி என்றால் கிலோவுக்கு ஐந்தரைச் சதுர மீட்டர். நாலு டி-ஷர்ட் வரும்.

சிக்கல் என்னவென்றால், நீலம் மூன்று கிலோ இருக்கும், நாலாவது கிலோ இருக்காது. பக்கத்துக் கடையில் 'அதே நீலம்தாம்மா' என்பார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் வேறு நீலம். சாயம் போட்ட நாள் வேறு. ஆகவே படம் வரைந்துவிட்டுத் துணி தேடும் கதையெல்லாம் நடக்காது. துணி கிடைத்த பிறகுதான் படம். முதுகு ஒரு நீலம், கை ஒரு நீலம். அதை வேண்டுமென்றே செய்ததுபோல் காட்டுவதில் இருக்கிறது சாமர்த்தியம்.

இப்போது இரண்டு மாணவிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி காசில்லாமல் மிச்சத் துணி வாங்கினாள். இன்னொருத்தி பட்டே வாங்கக்கூடியவள். பூமியைக் காப்பாற்ற மிச்சத் துணியைத் தேர்ந்தெடுத்ததாக அட்டை எழுதி மாட்டியிருக்கிறாள். உடுப்புகள் ஒரே தரம். யாருக்குக் கூடுதல் மார்க்?

இரண்டாமவளுக்கு என்பீர்கள். சோறு இல்லாதவன் 'விரதம் இருந்தேன்' என்று சொல்லிக்கொள்ள முடியுமா? நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

துணியை வாங்கியதில் முதலாமவளுக்கு வேறு வழி இல்லை, சரி. அதற்கப்புறம்? வெட்டும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு துண்டாக விழுவது சாதாரணம். (திருப்பூரில் அது 'பனியன் வேஸ்ட்' ஆகி, மெக்கானிக் கை துடைக்கப் போகிறது.) பேட்டர்ன் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து, அந்தத் துண்டிலும் ஒரு பாக்கெட், ஒரு காலர் எடுக்கிறாளே, அந்தக் கவனத்தை வறுமை தானாகக் கொடுத்துவிடாது. காசில்லாத எல்லோருக்கும் அது வருவதுமில்லை.

அட்டை எழுதியவள் யோசிக்காத ஒன்றும் உண்டு. கொஞ்சம் ரிஜெக்ட் ஆகும் என்று ஆர்டருக்கு மேல் தயாரிப்பதால்தான் மிச்சமே வருகிறது. மிச்சத்துக்கு மவுசு கூடினால் மிச்சத்தையும் தயாரிப்பார்கள். 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று சொல்லி விற்பதற்கென்றே தைத்த சட்டைகள் எப்போதோ வந்தாச்சு!

என்னைக் கேட்டால், மார்க் போடுகிறவர் அட்டையைப் படிக்கவே வேண்டாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஆளுக்கொரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வைக்கட்டும். வாங்கினதே கிலோவில்தானே?