தானியக் குவியலும் ஈயப் பெயிண்டும்

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை அடியில் மறைத்த வியாபாரியைக் கண்டித்தார்கள்.

அன்று ஈரத்தைக் கை கண்டுபிடித்தது. இன்று பெயிண்டில் கலந்த ஈயத்தை எந்தக் கை கண்டுபிடிக்கும்? குழந்தையின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. "வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்" என்பது இங்கே நியாயமாகாது. சோதிக்கும் கை சட்டம்தான்.

இந்தியாவில் 2016-இல் வந்த விதி, வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகளை விட்டுவிட்டது. பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். அந்த ஓட்டையை அடைக்கும்படி அரசிடம் கேளுங்கள். நீங்கள் விற்பவரானால், சட்டம் விட்டுவிட்டதையும் அல்லாஹ் கேட்பான். அவன் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.