வயதுக்கு இடும் புள்ளிகள்

கூடைப்பந்தாட்ட வீடியோ விளையாட்டுகளில் வீரர்களுக்கு வயது போகிறது. 1999இல் முதன்முதலாக வெளிவந்த என்.பி.ஏ. 2கே வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு வீரருக்கும் 99க்கு உட்பட்ட ஒரு மொத்தப் புள்ளி. அதன் கீழ் ஓட்டம், பாய்ச்சல், தூர எறிதல், பந்தைக் கைமாற்றுதல் என்று தனித்தனிப் புள்ளிகள். விளையாடுகிறவர் ஓர் அணியின் முகாமையாளராகி, பருவம் பருவமாக அதை நடத்தலாம். ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இளையவர்களின் புள்ளி ஏறும், மூத்தவர்களின் புள்ளி இறங்கும். உச்சம் எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடியும் என்பதும் ஆளுக்காள் எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

இந்த முதுமை உண்மையானதாக இருக்க வேண்டும் என்பது இவற்றை விளையாடுவோரின் நெடுநாள் கோரிக்கை. நாற்பது வயதுக்காரர் இருபத்தைந்து வயதுக்காரரைப் போலத் துள்ளினால் அது பொய் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. யாருக்கும் வயது போகாத உலகில், வாங்கில் குந்தியிருக்கும் பொடியன் கடைசிவரை வாங்கிலேயே இருப்பான். மூத்தவர் தளர்வதால்தான் இளையவருக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே முதுமை ஓர் அநீதி என்று நான் சொல்ல வரவில்லை.

என் கேள்வி வேறு. உண்மையான முதுமை என்று நாம் எதைச் சொல்கிறோம்?

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் புள்ளிவிபரவியல் படித்தேன். படிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. ஆனால் ஒரு பாடம் மறக்கவில்லை. சராசரி கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். கூட்டத்தில் நிற்கும் ஒருவனைப் பற்றிச் சொல்லாது. வீரர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் முப்பதைத் தாண்டியபின் கால் தளர்வதும் பாய்ச்சல் குறைவதும் மெய்தான். எறியும் கை அவ்வளவு விரைவில் தளர்வதில்லை. ஆடுகளத்தைப் படிக்கும் கண் இன்னும் பிந்தியே தளர்கிறது. ஒரே மனிதனுக்குள் மூன்று வயதுகள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி ஒரு புள்ளியாக்கியதும் கால் இழந்தது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

1985 இறுதிச் சுற்றை நினைத்துப் பாருங்கள். மே 27ஆந் திகதி முதல் ஆட்டத்தில் பொஸ்ரன் செல்ரிக்ஸ் 148–114 என்று லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை நொருக்கியது. லேக்கர்ஸின் கரீம் அப்துல்-ஜபாருக்கு அப்போது 38 வயது. அவர் பெற்றது 12 புள்ளிகள், 3 ரீபவுண்ட். கிழவன் முடிந்துவிட்டான் என்று பேச இதைவிட என்ன வேண்டும்? மூன்று நாள் கழித்து நடந்த இரண்டாம் ஆட்டத்துக்குப் போகும்போது, அணியின் பஸ்ஸில் தன் தகப்பனாரையும் ஏற்றிக்கொள்ளப் பயிற்சியாளர் பற் ரைலியிடம் அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. அன்று அவர் எடுத்தவை 30 புள்ளிகள், 17 ரீபவுண்ட். லேக்கர்ஸ் 4–2 என்று கிண்ணத்தை வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவர்தான். ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் நீட்டி எறியும் அந்த ஸ்கைஹூக்குக்கு ஓட்டம் அவ்வளவாகத் தேவையில்லை. 1989இல், 42 வயதில்தான் அவர் ஓய்வுபெற்றார்.

மறுபுறம் டெரிக் ரோஸ். 2011இல், 22 வயதில், என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். அந்த விருதை அவ்வளவு இளம் வயதில் பெற்றவர் வேறு யாரும் இல்லை. 2012 ஏப்ரலில் முழங்கால் போயிற்று. உச்சம் என்று கணக்குப் போட்டு வைத்த வருடங்கள் சிகிச்சையில் கழிந்தன. வழக்கின் முடிவுக்குக் காத்திருந்தே இருபதுகளைக் கழித்த எங்கள் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆளைத் தேய்ப்பது வயது மட்டுமல்ல.

விளையாட்டில் கெட்டிக்கார முகாமையாளர் என்ன செய்வார்? 32 வயது வீரரின் புள்ளி இறங்க முன்னரே அவரை வேறு அணிக்குத் தள்ளிவிடுவார். திரையில் அதனால் யாருக்கும் நோவில்லை. ஆனால் அந்தப் பார்வை திரைக்கு வெளியிலும் உண்டு. உண்மையான அணிகளும் வயதைக் கணக்குப் பார்த்துத்தான் ஒப்பந்தம் எழுதுகின்றன. குசினிகளும் அப்படித்தான்.

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் உணவகத்தில் 57 வயது அண்ணை ஒருவர் இருக்கிறார். எண்ணெயின் சத்தத்தை வைத்தே கோழி வெந்துவிட்டதா என்று சொல்வார். ஓடர்த் துண்டுகள் வரிசையாகத் தொங்கும்போது எந்தச் சட்டியை முதலில் அடுப்பில் வைப்பது என்று அவருக்கு மட்டும்தான் தடுமாற்றம் இல்லை. போன மாரியில் அவருடைய மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். ஒரு ஓடரும் பிந்தவில்லை. முதலாளி சொன்ன காரணம்: “அண்ணைக்கு வயது போகுது, இனி வேகம் குறையும்தானே.”

குறைந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, இனிக் குறையும் என்றார். அநீதி அந்த “இனி”யில் இருக்கிறது. கண்ணால் கண்ட தளர்ச்சிக்கு ஏற்ப ஒருவரின் வேலையை மாற்றுவது நியாயமாகலாம். வரப்போகும் தளர்ச்சிக்கு இன்றே தண்டனை கொடுப்பது நியாயமாகாது. கூட்டத்தின் சராசரியை ஒருவர் தலையில் தீர்ப்பாகப் போட்டால், அவர் யார் என்று பார்க்கும் சிரமம் எமக்கு இல்லாமல் போகிறது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. வின்ஸ் கார்ட்டர் ரொறன்ரோ ராப்ரர்ஸை உலகறியச் செய்தவர். 2004 டிசம்பரில் அணி மாறியபின், இந்நகரம் வருடக்கணக்காக அவரைக் கூவி இகழ்ந்தது. 2014 நவம்பரில் எதிரணிக்காக ஆட வந்தவரை அதே அரங்கு எழுந்து நின்று வாழ்த்தியது, அவர் அழுதார். துள்ளி ஆடிய கால்கள் தளர்ந்தபின் தூர எறிபவராகவும் இளையவருக்கு வழிகாட்டியாகவும், பெரும்பாலும் வாங்கிலிருந்து எழுந்துவந்து ஆடி, 22 பருவங்களை நிறைவுசெய்து 2020இல் ஓய்வுபெற்றார். 2024 நவம்பரில் அவரது 15ஆம் இலக்கச் சட்டையை ராப்ரர்ஸ் அரங்கின் கூரையில் ஏற்றியது. பத்து வருடம், இருபது வருடம் பிந்தியென்றாலும் நகரம் தன் கடனை நினைத்துக்கொண்டது.

நானறிந்த எந்த விளையாட்டிலும் இந்தக் கடனுக்குப் புள்ளி இல்லை. இருக்கவும் முடியாது என்றே நினைக்கிறேன். அது வீரரின் உடம்பில் உள்ள ஒன்றல்ல, அவரைப் பார்க்கிறவரிடம் இருக்க வேண்டிய ஒன்று. தளர்ச்சியைத் துல்லியமாகக் கணக்கிட்டு, பட்ட கடனைக் கணக்கில் எடுக்காத ஓர் உலகத்தை உண்மையானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணைக்கு நாளை கை தளரலாம். அப்போது அடுப்படியில் இருந்து அவரை விலக்கி, வேலை பழக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். அது முதுமையை மறைப்பதல்ல. முதுமையைச் சரியாகப் பார்ப்பது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதட்டும். குறிப்பாக, முதலாளிகளாக இருப்பவர்கள்.